கறை சேர் படித்த மனங்கள்

கண்டி மாவட்டத்தில் மனித மனத்தை அடி முதல் நுனி வரை படித்து முடித்த ஒரே ஆள் கறை சேர்தான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். அதுவும் வேலைக்கு வந்த முதல் நாள் காலை, எங்கள் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போய், அவருடைய பழைய மைப்பேனா கக்கியதில் ஒரு முழுப் பக்கம் நாசமான பிறகு சொன்னார். வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய்த் துடைக்கத் துணி தேடியிருப்பார்கள். இவர் அந்தப் பக்கத்தை நடுவில் மடித்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி, விரித்து என் முன்னால் வைத்தார்.

“பிள்ளை, இதில உமக்கு என்ன தெரியுது?”

பதினெட்டுப் பேருடைய கையெழுத்து அழிந்துபோனது தெரிகிறது என்றேன். அவர் மெல்லத் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு மேலிடத்தின் மீது ஆழ்ந்த பயம் இருக்கிறது என்று அன்று மாலையே மெனேஜரிடம் சொல்லியிருக்கிறார். இருக்காதா பின்னே? அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பு நான்தான்.

பல்லேகல கைத்தொழில் வலயத்தில் இருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை அது. நான் நாவலப்பிட்டியிலிருந்து வந்து, குண்டசாலையில் ஒரு போர்டிங்கில் தங்கி, ஆளணிப் பிரிவில் கிளாக்காக இருந்தேன். பெற்றோல் வரிசையெல்லாம் ஓய்ந்து, பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அடுத்த வருடம். எங்கள் டிரெக்டருக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. தொழிற்சாலையில் யாருக்குப் பதவி உயர்வு கொடுத்தாலும், அவர் யாரோ ஒருவருடைய மச்சானாகவோ மருமகளாகவோ இருந்தார். தரப் பிரிவின் சுப்பவைசர் பதவி இரண்டு முறை அப்படித்தான் போனது. இனிமேல் எல்லாம் விஞ்ஞான முறைப்படி நடக்க வேண்டும் என்று டிரெக்டர் முடிவெடுத்தார். எண்ணம் நல்ல எண்ணம்தான். அந்த எண்ணத்துக்கு வந்து வாய்த்தவர் கறை சேர்.

யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தைந்து இருக்கும், கல்யாணம் இல்லை. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை செய்துவிட்டு, குளிர் ஒத்துவரவில்லை என்று திரும்பியவர். யாழ்ப்பாணத்து வெயிலும் ஒத்துவராமல் நடுவழியில் கண்டியிலேயே தங்கிவிட்டார். கட்டுகலையில் ஒரு மாடி அறை. அவருடைய சொந்தப் பெயர் நியமனக் கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தை டைப் செய்தவள் நான், எனக்கே அது இப்போது ஞாபகமில்லை. தையல் பெண்கள் ஒரே வாரத்தில் கறை சேர், அதாவது கறை ஸார், என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் கறை என்பது கெட்ட வார்த்தை. ஒரு கறை இருந்தால் உடுப்பு கழிவுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கறையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிகிற மனிதரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

பெட்டிக்குள் இருந்தவை பத்து அட்டைகள். கடதாசியில் மை ஊற்றி, ஈரத்தோடு நடுவில் மடித்து விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓர் உருவம் வரும் அல்லவா, அந்த உருவங்கள். நூறு வருடத்துக்கு முன்னர் சுவிட்சர்லாந்து டொக்டர் ஒருவர் செய்துவைத்தது. அட்டையைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். ஒருவர் வௌவால் என்பார், ஒருவர் கரடி என்பார். அந்தப் பதிலை வைத்து ஆளின் மனத்தை அளப்பார்கள். இதற்கு உலகம் முழுவதும் பக்தர்கள் உண்டு. இதெல்லாம் கிளி ஜோசியம் என்று சொல்லும் படித்தவர்களும் அதே அளவுக்கு உண்டு. கறை சேர் பக்தர்களில் முதல் வரிசை. அட்டைகளைத் தொடுமுன் கை கழுவுவார். மழை பெய்தால் குடையைப் பெட்டிக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவார்.

அவரோடு பஸ்ஸில் வருவது ஒரு தனி அனுபவம். ஒருமுறை ஸ்டேடியத்தில் மேட்ச் இருந்த நாள், பஸ் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. பயணிகள் எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, கறை சேர் பெட்டியைத் திறந்து கண்டக்டரிடம் ஓர் அட்டையைக் காட்டினார். கண்டக்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, டிக்கட் செக்கர் இரண்டு பேர் ஏறுவது போல இருக்கிறது என்றான். அவனுக்கு ஆழ்மனதில் குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று சேர் என் காதில் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர், அவன் மீதிக் காசு கொடுப்பதில்லை, குற்ற உணர்ச்சி இருக்கத்தானே வேண்டும் என்றார். சேர் அதைத் தன் கொள்கைக்குக் கிடைத்த சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

கண்டி வாவிக் கரையில் நடக்கிறவர்கள் மரத்தில் இருக்கும் கொக்குகளுக்குப் பயந்து குடை விரிப்பது வழக்கம். கறை சேர் மட்டும் அங்கே தலையைக் குனிந்து நடைபாதையைப் படித்துக்கொண்டு போவார். கொக்குகள் போட்டுவைத்தவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று ஒருநாள் கேட்டேன். அதில் விஷயம் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையவில்லை என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். கேன்டீனில் பருப்புக் கறி சிந்திய மேசையைத் துடைக்க விடமாட்டார். அங்கே வேலை செய்த மெனிக்கே அக்கா அவர் வரும் நேரம் பார்த்து மேசைகளை இரண்டு தரம் துடைத்து வைப்பாள்.

முதலில் அலுவலகத்தில் இருந்த எங்களைச் சோதித்தார். எனக்கு ஓர் அட்டையில் இரண்டு பெண்கள் ஒரு வாளியை இழுத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. போர்டிங்கில் தினமும் காலையில் நடக்கும் தண்ணீர்ச் சண்டைதான் அது. கறை சேர் அதற்கு இரண்டு பக்கம் எழுதினார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தீராத வழக்கு ஒன்று உள்ளே புதைந்து கிடக்கிறதாம். வாசித்துவிட்டு நான் உண்மையிலேயே அழுதேன். அம்மாவுக்கு போன் போட்டு, நான் ஏதாவது பிழை விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அம்மா, “என்னா புள்ள, காய்ச்ச அடிக்குதா?” என்றார்.

டிரெக்டரும் சோதனைக்கு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது பெரஹரா ஊர்வலத்தில் போகும் யானை. கறை சேர் அந்த யானையில் தலைமைத்துவம், கம்பீரம், கூட்டத்தை நடத்திச் செல்லும் ஆற்றல் எல்லாவற்றையும் கண்டு, பிறவித் தலைவர் என்று எழுதிக் கொடுத்தார். டிரெக்டர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டிவிட்டார். அடுத்த நாள் வாசல் செக்கியூரிட்டி மாமாவைச் சோதித்தார்கள். அவருக்கும் பெரஹரா யானைதான் தெரிந்தது. ஆனால் அவருடைய யானை, பாகன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தானாக ஓர் அடி எடுத்து வைக்காத யானை என்று அறிக்கை வந்தது. கண்டியில் பிறந்து வளர்ந்தவருக்குக் கறுப்பாகப் பெரிதாக எதைக் காட்டினாலும் யானையாகத்தான் தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் நான் எந்த வாயால் நாலாவது காலைக் காட்டுவது?

இதுவரைக்கும் சிரிப்புத்தான். தரப் பிரிவு சுப்பவைசர் பதவி மூன்றாவது முறையாகக் காலியானபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

அந்தப் பதவிக்கு ஆறு பேர் விண்ணப்பித்தார்கள். ஆறு பேரும் கியூசி பெண்கள். தைத்து முடிந்த உடுப்பை வெள்ளை விளக்கின் கீழ் விரித்துப் போட்டு, தையல் பிழை, நூல் பிரிவு, கறை எல்லாம் தேடுவது இவர்கள் வேலை. பிழை கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஆறு பேரில் மூத்தவர் திகனயிலிருந்து வரும் பரீதா ராத்தா. பதினொரு வருடமாக அதே மேசை. இரண்டு மச்சான் மருமகள் விவகாரத்திலும் தள்ளப்பட்டவர் அவர்தான். கணவர் இல்லை, எட்டாம் வகுப்பில் ஒரு மகள். ஜோர்தானில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதற்கு முகவரிடம் பாஸ்போட்டைக் கொடுத்து வைத்திருந்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை.

“இந்த முற கெடச்சா நான் பாஸ்போட்ட திருப்பி எடுக்கிறன். இல்லாட்டி மகள உம்மாகிட்ட உட்டுட்டு போற தான். வேற என்னத்த செய்ற?” என்று கேன்டீனில் என்னிடம் சொன்னார். அழவில்லை, புலம்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். பதில்களை எழுதிக்கொள்ள நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் வந்தவள் அட்டையைப் பார்த்து, ஒயில் கறை என்றாள். இரண்டாவது அட்டை, ஒயில் கறை, கொஞ்சம் பெரிசு. மூன்றாவது, சாயம் போன கறை. அடுத்தவளும் அப்படித்தான். அதற்கு அடுத்தவள் சிங்களத்தில் அதையேதான் சொன்னாள். வௌவால் இல்லை, கரடி இல்லை, கண்டியில் பிறந்தும் ஒரு யானைகூட இல்லை. கறை சேர் கொப்பியில் எழுத எழுத அவர் முகம் இருண்டுகொண்டு வந்தது.

கடைசியாகப் பரீதா ராத்தா வந்தார். அட்டையை வாங்கி, கதிரையை விட்டு எழும்பி ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். கறை சேர் கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இது ஒயில் இல்ல சேர், மை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈக்கி, பாத்தீங்களா? காயுறத்துக்கு முந்தி மடிச்சீக்கி. இது தையல்காரி புழ இல்ல, பெக்கிங் ஆக்கள்ட புழ.”

நூறு வருடத்தில் அந்த அட்டைகளைப் பார்த்த லட்சக்கணக்கான பேரில், அது எப்படி உண்டானது என்று சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து பரீதா ராத்தா ஒருவர்தான். பத்து அட்டைக்கும் அதே நிதானம். எது கழுவினால் போகும், எது போகாது, எதை இரண்டாம் தரத்துக்கு அனுப்பலாம் என்று பிரித்து அடுக்கினார். பிறகு, பதினொரு வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்குப் பையினுள்ளே போக, சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒவ்வொரு அட்டையிலும் அம்புக்குறி ஒட்டிக்கொண்டே போனார். நான்காவது அட்டை வரை கறை சேர் பேயறைந்தவர் போல இருந்தார். ஐந்தாவது அட்டைக்கு ஸ்டிக்கர் ஏறும்போதுதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அறிக்கை மாலைக்குள் வந்தது. டைப் செய்ய வேண்டியது நான். ஆறு பேருக்கும் கற்பனை வறட்சி. உள்ளே சோகம். ஆனால் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி எழுதவில்லை, தரம் பிரித்திருந்தார். லைன் லீடரின் உறவுக்காரப் பெண்ணுக்குச் சோகம் கொஞ்சம் குறைவு, முன்னேற வாய்ப்பு உண்டு. பரீதா ராத்தாவுக்குக் கீழே, குறை காணும் மனநோக்கு, பிறர் மீது பழி போடும் இயல்பு, பதவிக்குத் தகுதியற்றவர் என்று இருந்தது.

எனக்கு மேலிடத்துப் பயம் உண்டு என்று அவரே சொன்னவர். அந்தப் பயத்தோடுதான் அவர் அறைக்குப் போனேன். குறை காண்பதற்குத்தானே சேர் அவங்களுக்குச் சம்பளம் என்றேன். நாள் முழுதும் கறை தேடுகிறவர்களிடம் கறையைக் காட்டினால் கறை என்றுதான் சொல்வார்கள், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால் இவர்கள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் கழிவு என்றேன். திங்கட்கிழமை விஷயத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கறை சேர் கோபிக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சிரித்தார்.

“பிள்ளை, இது சாத்திரம் இல்லை, விஞ்ஞானம். ஆளைப் பாத்து எழுதுறதெண்டு நினைச்சீரோ? பேரை எடுத்துப்போட்டு எல்லாரின்ர பதிலையும் கலந்து கொண்டுவாரும். திரும்ப எழுதிக் காட்டுறன். ஒரு சொல் மாறாது.”

இதுதான் கறை சேர். வேறொருவராக இருந்தால், போ வேலையைப் பார் என்று என்னை விரட்டியிருப்பார். இவர் ஒரு கிளாக்கின் முன்னால் தானே முன்வந்து பரீட்சை எழுத உட்கார்ந்தார். அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை காலை, அதுவரை சோதித்த எல்லோருடைய பதில்களையும் பெயர் இல்லாமல், ஆண் பெண் பதவி எதுவும் இல்லாமல், இலக்கம் மட்டும் போட்டுப் புதிதாக டைப் செய்து கலைத்துக் கொடுத்தேன். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் என் மேசை லாச்சியில். அவர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். இரண்டு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார். பட்டியலையும் பழைய அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம்.

முதலில் என்னுடையது வந்தது. வாளி இழுக்கும் இரண்டு பெண்களையும் வைத்து, இவருக்குத் தந்தையோடு தீராத வழக்கு என்று இந்த முறை எழுதியிருந்தார். போன மாதம் அம்மா, இந்த மாதம் அப்பா. கறை சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சின்ன வித்தியாசம் என்றார். அடுத்து, ஏழாம் இலக்கம். ஒரு நிறுவனத்தையே நடத்தக்கூடியவர், மற்றவர்கள் இவர் பின்னால் வருவார்கள் என்று எழுதியிருந்தார். பட்டியலைப் பார்த்தேன். செக்கியூரிட்டி மாமா. பதினான்காம் இலக்கம், மேலிடத்து உத்தரவு இல்லாமல் கதவைக்கூடத் திறக்கமாட்டார். அது டிரெக்டர்.

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததில் சிரிப்பு வரவில்லை.

கடைசியாகக் கியூசி பெண்கள் ஆறு பேருடைய தாள்கள். விளக்கங்களை விட்டு, என்ன தெரிந்தது என்பதை மட்டும் டைப் செய்திருந்ததால் ஆறிலும் கறை, கறை என்றே இருந்தது. அதில் கறை சேர் ஒன்றுமே எழுதவில்லை. ஒரே ஆளின் பதிலை நான் தவறுதலாக ஆறு தரம் டைப் செய்துவிட்டேன் என்று நினைத்து, ஐந்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். யாருக்குச் சோகம் குறைவு, யார் பழி போடுகிறவர் என்று நேற்று அவர் பிரித்ததெல்லாம், பெயரை எடுத்ததும் காணாமல் போய்விட்டது.

தேத்தண்ணி கேட்டார். கொண்டுவந்து வைத்தேன், குடிக்கவில்லை.

“நான் அட்டையைப் படிக்கேல்லை, பிள்ளை” என்றார். “ஆளைத்தான் படிச்சிருக்கிறன். யார் எந்தக் கதிரையில இருக்கினமெண்டு பாத்துப்போட்டு, அதை அட்டையில கண்டுபிடிச்சிருக்கிறன்.”

பிறகு மெதுவாக, எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யோசனை சிதறிப்போன நோயாளிகளிடம் இந்த அட்டைகள் ஏதோ கொஞ்சம் காட்டத்தான் செய்தனவாம். அங்கே பதில்களுக்குக் கண்டிப்பான புள்ளி முறை இருந்தது. இரண்டு பேர் தனித்தனியே புள்ளி போட்டு ஒத்துவந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிறவர்களைக்கூட இந்தச் சோதனை நோயாளியாகக் காட்டிவிடும் என்று அங்கேயே எச்சரித்தவர்கள் இருந்தார்களாம். இங்கே தனியாளாக வந்ததும் புள்ளியையும் விட்டுவிட்டேன், எச்சரிக்கையையும் விட்டுவிட்டேன், பெட்டி மட்டும் மிஞ்சியது என்றார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பரிதாபம் அதற்கு முன்னர் வந்ததில்லை. தான் இருபது வருடம் நம்பியது கண்முன்னால் இடிந்துவிழும்போது ஒரு மனிதர் பொய் சொல்லாமல் இருப்பது சின்னக் காரியம் இல்லை.

வியாழக்கிழமை அவர் அட்டைப் பெட்டி இல்லாமல் வந்தார். நேரே தையல் மண்டபத்துக்குப் போய், உற்பத்தி எஞ்சினியரைப் பிடித்து, முப்பது சட்டைகளை எடுத்து, சிலவற்றில் மட்டும் தெரிந்தே பிழை வைக்கச் சொன்னார். எந்தச் சட்டையில் என்ன பிழை என்று எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டி மெனேஜரிடம் கொடுத்துவிட்டு, ஆறு பெண்களும் தனித்தனியே அந்த முப்பதையும் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவருக்கும் இலக்கம்தான், பெயர் கிடையாது. யார் எந்த இலக்கம் என்று எனக்கு மட்டும் தெரியும். கறை சேர் அந்தப் பக்கமே போகவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து, மெனிக்கே அக்காவை மேசை துடைக்க விட்டுவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் உறையைத் திறந்தார்கள். மூன்றாம் இலக்கம் ஒரு பிழையும் விடாமல் கண்டுபிடித்திருந்தது. அது மட்டுமில்லை, தாளில் இல்லாத ஒரு பிழைக்கும் அம்புக்குறி ஒட்டியிருந்தது. அது நல்ல சட்டை என்று எஞ்சினியர் அடித்துச் சொன்னார். விளக்கின் கீழே கொண்டுபோய் அக்குள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு தையல் அறுந்து கிடந்தது. மூன்றாம் இலக்கம் யார் என்று நான் சொன்னபோது, கறை சேர் கண்ணை மூடிக்கொண்டு, “ஓம், ஓம்” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டிரெக்டரின் அறையில் கூட்டம். குறிப்பு எடுக்க நானும் இருந்தேன். கறை சேர் தன் கைப்பட எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தார். இந்தத் தொழிற்சாலையில் மைக்கறை அட்டைகளை வைத்து நான் கொடுத்த எல்லா அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன், ஒருவரைப் பதவிக்கு எடுப்பதற்கு இவை உதவா, பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதி, முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார். வியாழக்கிழமைப் பரீட்சையின் முடிவையும் அதோடு இணைத்திருந்தார்.

டிரெக்டர் கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கியூசி பெண்களின் அறிக்கைகளை நீக்கிவிடுவோம், சட்டைப் பரீட்சைதான் சரி, அந்தப் பெண்ணையே போடலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவருடைய பார்வை சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்துக்குப் போனது. தன்னுடைய அறிக்கையை இதில் சேர்க்கத் தேவையில்லையே, அது வேறு விஷயம்தானே என்று கேட்டார். கடிதத்தில் எல்லா அறிக்கைகளும் என்பதை வெட்டிவிட்டு ஆறு அறிக்கைகள் என்று போட்டால் போதும், உங்கள் ஒப்பந்தத்தையும் அடுத்த வருடத்துக்கு நீட்டலாம் என்றார்.

ஒரு சொல்லை வெட்டினால் போதும். பரீதா ராத்தாவுக்கு வேலை, கறை சேருக்கும் வேலை, டிரெக்டருக்குச் சுவர். நான் மனதுக்குள், வெட்டுங்க சேர், வெட்டிட்டுப் போங்க என்று கும்பிட்டேன்.

“அதே அட்டைதான் சேர் உங்களுக்கும் காட்டினது” என்றார் கறை சேர். “உங்களுக்குச் செல்லுமெண்டா அந்தப் பிள்ளையளுக்கும் செல்லும். பிறகு, பரீதா பழி போடுற ஆள் எண்டதும் சரியெண்டு ஆகிப்போடும்.”

அப்படியென்றால் உங்களுக்கு எதற்கு நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம் என்று டிரெக்டர் கேட்டார். இரண்டு நாளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார் கறை சேர்.

டிரெக்டர் எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார். பிறகு சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மேசை லாச்சியில் குப்புறப் போட்டு மூடினார். மதியத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கடிதங்கள் டைப் செய்யக் கிடைத்தன. ஒன்று பரீதா ராத்தாவின் பதவி உயர்வு. மற்றது கறை சேரின் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது என்பது. முதல் கடிதத்தைச் சந்தோஷத்தில் வேகமாக அடித்தேன். இரண்டாவதில் மூன்று இடத்தில் பிழை விட்டுத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

மூன்று மணித் தேநீர் இடைவேளைக்குப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் பரீதா ராத்தா ஓடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கறை சேர் செக்கியூரிட்டி மாமாவின் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை போல்பொயின்ட் பேனா. பரீதா ராத்தாவைக் கண்டதும் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பிழை ஒப்புக்கொள்வது போலக் கைகட்டிச் சொன்னார்.

“உங்களை விளங்கிக்கொள்ளாமல் பிழையா எழுதிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பரீதா ராத்தா கொஞ்சம் வெட்கப்பட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“புழ வராத லைன் எங்கயும் இல்ல சேர். புழய கண்டுட்டு, காட்டாம மடிச்சி அனுப்புறாங்களே, அவங்களோட தான் எங்களுக்கு கோவம். நீங்க காட்டினீங்க தானே.”

பெல் அடித்தது, அவர் உள்ளே ஓடினார். திங்கட்கிழமை அவர் முகவரிடம் போனது பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வரத்தான். மகள் இப்போது ஏ.எல். வகுப்பில் படிக்கிறாள். கறை சேர் வீதியைக் கடந்து, கண்டி பஸ்ஸுக்குக் கை காட்டி, ஏறிப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். மெனேஜர் கூப்பிடும்வரை நின்றேன்.

இன்று நானும் இன்டர்வியூ நடத்தும் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். எத்தனையோ பேரைத் தெரிவு செய்திருக்கிறேன், எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறேன். யாரையாவது பிழையாக எடைபோட்டுவிட்டேன் என்று தெரியவரும்போது, கறை சேரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் போல இருக்கும். பேச வழியில்லை. எங்கள் கோப்பில் இருந்தது கட்டுகலை முகவரி மட்டும்தான், அந்த அறையை அவர் அந்த மாதமே விட்டுவிட்டார். அன்று வாசலில் அவருடைய போன் இலக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அது முழுவதும் என் பிழை, இங்கே எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், சேர்.